பொதுச்சுவரில் ராகி அரிவாள்

போன ஆயுத பூசைக்கு, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மின்சாரக் கடையில் ஒரு மெஷினுக்கு மாலை போட்டார்கள். சுவரில் பைப் புதைப்பதற்குக் கோடு வெட்டும் மெஷின். பெங்களூரிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு சக்கரம் ஒன்றாகச் சுற்றும், நேர்கோடு பிசகாது, தெருவில் ஒருவருக்கும் காது மிஞ்சாது. சந்தனம் வைக்க அதன் நெற்றி எது என்று தெரியாமல் சுவிட்சின் மேலேயே வைத்துவிட்டார்கள். பொரி கொடுத்த பிறகு, கூப்பிட்ட கிழவனிடம் மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று ஒரு தம்பி, அந்தக் காலத்தில் சுவரை எதனால் வெட்டினீர்கள் என்று கேட்டார்.

ராகி அறுக்கும் அரிவாளால் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார், நான் கொட்டிக்கொள்வேனோ என்று. சரி, பேசினால் உளறல், எழுதினால் அனுபவம் என்பதுதானே உலக வழக்கு. அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது சேலத்தில், ஒரு கண்ட்ராக்டரிடம். கற்றது என்றால், முதலில் ஏணியைப் பிடித்தேன். பிறகு ஏணியில் ஏறினேன். பிறகு இன்னொருவன் ஏணியைப் பிடித்தான். அவ்வளவுதான் என் படிப்பு. மேட்டூர் கரண்டுக்காகத் தருமபுரிப் பக்கம் கம்பமும் கம்பியும் வரத் தொடங்கியிருந்தன. கூடவே யுத்தமும் வந்துவிட்டது. கம்பி கிடைத்தால் பைப் கிடைக்காது, பைப் கிடைத்தால் பல்பு கிடைக்காது. எல்லாம் கிடைத்தால் வீட்டுக்காரர் கிடைக்க மாட்டார்.

அந்த நாளில் சுவருக்குள் பைப் வைத்து ஒயரைப் புதைப்பது அபூர்வம். சுவர்மேல் மரப்பட்டி அடித்து, அதன் பள்ளத்தில் ஒயரை ஓட்டி, மேலே மூடி போட்டு வார்னிஷ் அடிப்போம். வீட்டுக்காரருக்கும் அதுதான் பிடிக்கும். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே பட்டி கண்ணில் பட வேண்டும். விளக்கு எரியாவிட்டாலும் பாதகமில்லை, பட்டி தெரிய வேண்டும். ஆனால் மரப்பட்டி அடிக்கவும் சுவரில் குழி தோண்டிக் கட்டை பதிக்க வேண்டும், ஒயர் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகச் சுவரைத் துளைக்க வேண்டும். ஆகவே உளி இல்லாமல் ஒயர்மேன் இல்லை.

எங்கள் சூப்பர்வைசர் பெயர் கனகசபை. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், வெயிலோ மழையோ ஒரு குடை. அவர் ஆயுதத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. குடைப்பிடியால் சுவரைத் தட்டுவார். கண்ணை மூடிக் கேட்பார். வைத்தியர் நாடி பார்ப்பதற்குக்கூட அவ்வளவு நேரம் எடுக்க மாட்டார். பிறகு, "உள்ள மண் சாந்து. வெளிய சுண்ணாம்பு. மேல ஒரு வரிசை வெந்தது பத்தல" என்பார். வெட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும். இதற்காக அவர்மேல் எங்களுக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவையாவது அந்த மனிதர் தவறிப் போக மாட்டாரா என்று நாங்கள் வேண்டாத தெய்வமில்லை.

வெட்டுவதற்கு முன் சாக்கு விரித்து உளிகளை அதன்மேல் வரிசையாக வைக்க வேண்டும். அகல வாய் உளி முதலில், அது பூச்சுக்கு. ஊசி உளி அடுத்து, அது செங்கல்லுக்கு. நீள உளி கடைசியில், அது துளைக்க. நூலில் செம்மண் தொட்டு இரண்டு கோடு அடிக்க வேண்டும். கோட்டின்மேல் தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும். அகல உளியால் இரண்டு கோட்டையும் முதலில் கீறிவிட்டு, பிறகுதான் நடுவில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பைப்புக்கு வழி கேட்டால் பூச்சு பாயளவுக்குப் பெயர்ந்து வரும். மேலிருந்து கீழே வெட்டலாம். படுக்கை வாட்டில் வெட்ட அவரிடம் உத்தரவு வாங்க வேண்டும், ஏனென்றால் மேலே கூரை உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் இடுப்பு வலிக்கும்.

உளி மழுங்கினால் கொல்லரிடம் போக வேண்டும். எங்கள் பக்கம் கல் உடைப்பவர்கள் அதிகம், ஆகவே உளிக்குத் துவைச்சல் போடக் கொல்லருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சி, தட்டி, முனையில் வைக்கோல் நிறம் ஏறும்போது தண்ணீரில் விட வேண்டும். நீலம் ஏற விட்டால் உளி இளகி வளையும். வெள்ளையிலேயே முக்கினால் முதல் அடியில் முனை பறக்கும். ஆனால் கல்லுக்குப் போடும் துவைச்சல் வேறு, செங்கல்லுக்கு வேறு என்று கனகசபை போன இடமெல்லாம் கொல்லரோடு தகராறு செய்வார். கொல்லர் தலையாட்டிவிட்டு, எப்போதும் போடுவதையே போட்டுக்கொடுப்பார். இருவருக்கும் திருப்தி.

ஆயுதம் தவறினால் என்ன ஆகும் என்பதை அரூரில் பார்த்தோம். தானிய மண்டி ஒன்றில் எங்கள் கூட்டாளி ஒருவன், பச்சைச் செங்கல் சுவர் என்று தெரிந்தும் நீள உளியை வைத்துப் பெரிய சுத்தியலால் ஒரு போடு போட்டான். உளி முழுசாக உள்ளே போய்விட்டது. அவன் ஓட்டைக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் உளியைக் கழுவி, அதே ஓட்டை வழியாகத் திருப்பிக் கொடுத்தார். கழுவியதற்குக் காரணம், அது விழுந்த இடம் குழம்புச் சட்டி.

பாலக்கோடு கதைக்கு வருகிறேன். அங்கே சென்னப்பர் என்று ஒரு பெரிய குடித்தனக்காரர். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருக்கு ஒரே தம்பி, திம்மராயன். சொத்தைப் பிரித்தபோது வீட்டையும் நடுவில் பிரித்துக்கொண்டார்கள். நடுச்சுவர் இருவருக்கும் பொது. ஒரு முழக் கனமான அந்தச் சுவரின் நடு மையத்தில் நூல் பிடித்து, இப்பக்கம் பாதி அண்ணனுக்கு, அப்பக்கம் பாதி தம்பிக்கு என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. திம்மராயன் பட்டாள லாரி ஓட்டப் போய்விட்டான். அவன் மனைவி ரங்கம்மா தனியாக மல்பெரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் பட்டுப்புழு வளர்த்தாள்.

சென்னப்பர் பெங்களூரில் ஒரு உறவினர் வீட்டில், ஒயரே தெரியாமல் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டார். அதோடு, யுத்த நிதி வசூலுக்கு வரும் ஆபீசர் ஒருவர் அவர் வீட்டில் சாப்பிட ஒப்புக்கொண்டிருந்தார். இது போதாதா? ஆபீசர் உட்காரும்போது கூடத்தில் விளக்கு எரிய வேண்டும், ஒயர் கண்ணில் படக் கூடாது. தெருக் கம்பத்திலிருந்து லைன் வருவது நடுச்சுவர் ஓரமாக. மற்ற சுவர்களைச் சுற்றிப் போக எங்களிடம் இருந்த பைப் போதாது. ஆகவே நடுச்சுவர்தான்.

கனகசபை குடைப்பிடியால் தட்டினார். கண்ணை மூடினார். "இந்தச் சுவரு மூணு சட்டை போட்டிருக்குது" என்றார். உண்மை. அந்த வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் சுவருக்குப் புதிதாகக் காரை பூசுவார்கள். ஆனால் பழைய பூச்சை உதிர்க்க மாட்டார்கள், உதிர்த்தால் லட்சுமியும் கூட உதிர்ந்துவிடுவாளாம். காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசி, பூச்சே இரண்டு விரல்கடைக்கு மேல் இருந்தது. பைப் செங்கல்லைத் தொடவே வேண்டாம், பூச்சுக்குள்ளேயே அடங்கிவிடும் என்றார் கனகசபை.

சென்னப்பர் ஒப்பவில்லை. பூச்சில் வைக்கிற பைப் என்ன பைப்? நடு மையம் வரைக்கும் வெட்டி, சரியாக அங்கேதான் வைக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டோம். நாளைக்குத் தம்பி வந்து மையம் இங்கே இல்லை, அங்கே என்று சொன்னால்? சுவருக்குள் இரும்பு பைப் ஒன்று கிடந்தால் அதுதான் எல்லை. காட்டில் எல்லைக்கல் நடுகிறோம், சுவரில் நடக் கூடாதா? மின்சாரத்தின் பயன்களைப் பற்றி நான் பிற்பாடு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தப் பயனை எவரும் சொல்லவில்லை.

காசு கொடுப்பவர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே. சாக்கு விரித்தோம். பெரிய சுத்தியலும் ஊசி உளியுமாக நான் நாலைந்து போடு போட்டிருப்பேன்.

வாசலில் ரங்கம்மா வந்து நின்றாள். கையில் ஒரு மூங்கில் தட்டு. பிரிவினைக்குப் பிறகு அவள் அந்தப் படி ஏறியது அன்றுதான் என்று பின்னால் சொன்னார்கள். தட்டைக் கொண்டுவந்து எங்கள் சாக்கின்மேல், உளிகளுக்கு நடுவில் வைத்தாள். வெளுத்த புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன. அவற்றின்மேல் செங்கல் தூளும் கூரைக் கரியும்.

சென்னப்பர் அவளைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நாலாந் தூக்கத்துல இருக்குதுங்க. இப்ப அதிர்ந்தா தோல் கழட்டாது. தோல் கழட்டாத புழு எழுந்து எலை தின்னாது, செத்துரும். கூடு கட்டற வரைக்கும் தட்டாதீங்க."

"ஆபீசர் வராருன்னு சொல்லுப்பா" என்றார் சென்னப்பர் தூணிடம்.

அவள் இரண்டடி தள்ளி நிற்கிறாள், காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. நான் சொன்னேன்: ஆபீசர் வராருங்களாம்.

"இந்த வெள்ளாமை போச்சுன்னா தோட்டத்த அவருகிட்டயே வுட்டுட்டு நான் எங்கம்மா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். அதுதான் வேணும்னா எதுக்குங்க சுவத்தத் தட்டணும், வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க."

இதையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் விழித்தேன். சென்னப்பரின் முகம் சிவந்தது. அந்தத் தோட்டத்தின்மேல் அவருக்குக் கண் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சுவரை இடிக்கச் சொன்னபோதே அவருக்கு அந்த யோசனை இருந்ததா, அவள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் என் சுவத்துல லைட்டு போடறேன். யாரையும் போவச் சொல்லல" என்றார். இந்தத் தடவை தூணிடம்கூட இல்லை, தரையிடம்.

கனகசபை தொண்டையைக் கனைத்தார். சென்னப்பரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். எனக்குக் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

"பைப்ப நடு மையத்துல வெச்சா அதுல பாதி அவங்க பக்கத்துல இருக்குங்க. பைப்புல பாதி அவங்களுதுன்னா, நாளைக்கு கரண்டுலயும் பாதி கேட்டு வந்து நிப்பாங்க. பூச்சுல வெச்சீங்கன்னா முச்சூடும் உங்களுது."

சென்னப்பர் நீண்ட நேரம் யோசித்தார். எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் மெல்லப் படர்ந்தது. பூச்சிலேயே வையுங்கள் என்றார்.

ஆனால் பூச்சானாலும் வெட்டத்தானே வேண்டும். அகல உளியைச் சின்னச் சுத்தியலால் தட்டினாலும் சுவர் அதிரும். மரமறுக்கும் ரம்பத்தை வைத்துப் பார்க்கலாமென்றால் சுவரின் மட்டத்தில் கைப்பிடி இடிக்கும். நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைப்பதை ரங்கம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனாள். வந்தாள். அவள் கையில் ராகி அறுக்கும் கருக்கரிவாள் இருந்தது. வளைந்த அலகு, உள்வாயில் ரம்பம்போல் பொடிப் பல்.

"சுண்ணாம்புதானுங்களே. நனச்சு அறுத்துப் பாருங்க" என்று சாக்கின்மேல் வைத்தாள். அகல உளிக்குப் பக்கத்தில், வரிசை பிசகாமல்.

நாங்கள் கனகசபையைப் பார்த்தோம். கொல்லரோடு துவைச்சலுக்காகச் சண்டை போடும் மனிதர் இதற்கு என்ன சொல்வார்? அவர் குடையைச் சுவரில் சாத்தினார். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து அரிவாளை எடுத்தார். நனைந்த கோட்டின்மேல் பல்லை வைத்து, மெதுவாக, மேலிருந்து கீழே ஒரு முழ நீளம் இழுத்தார். கரகரவென்று சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு இல்லை. அவர் கையில் நான் கண்ட முதல் ஆயுதமும் கடைசி ஆயுதமும் அதுதான். அரிவாளை என்னிடம் நீட்டி, "கம்பெனியில யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

அப்படித்தான் வெட்டினோம். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, இரண்டு கோட்டையும் அறுத்து, நடுவில் உள்ளதை அகல உளியால் தட்டாமல், உள்ளங்கையால் தள்ளிச் சீவி எடுத்தோம். முதலில் கல்யாணம் வந்தது, அடுத்து மஞ்சள் நீர், அடுத்து காதுகுத்து. ஒவ்வொரு பூச்சும் ஒரு நிறம். சுண்ணாம்பு பல்லைத் தின்றுவிடும், ஆகவே அரிவாளை அடிக்கடி கொல்லரிடம் அனுப்பிப் பல் வெட்டி வாங்கினோம். கல்லுக்கா செங்கல்லுக்கா என்று கொல்லர் கேட்டாராம். சுவர் அறுவடைக்கு என்று சொல்லியனுப்பினேன். என் தோள் கழன்றுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. எப்போதாவது ரங்கம்மா புழுக்களிடம் கன்னடத்தில் "மலகு, மலகு" என்று சொல்வது மட்டும் கேட்டது. தூங்கச் சொல்கிறாள். பட்டுப்புழுவுக்குத் தாலாட்டுப் பாடுபவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

விருந்து நாள் வந்தது. ஆபீசர் வந்தார். சென்னப்பர் தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒயர் எங்கும் இல்லை. ஆபீசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் பட்டணத்து மனிதர், விளக்கு எரியாவிட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பார். பெங்களூர் முறையை விளக்கச் சென்னப்பர் வாயெடுக்குமுன் ஆபீசர் கையைக் காட்டி, வெளியே மழையா என்று கேட்டார்.

மழை இல்லை. நாலாம் தூக்கம் முடிந்து விழித்த புழுக்கள் அகோரப் பசியில் இலை தின்று கொண்டிருந்தன. தட்டுத் தட்டாக அத்தனை புழுவும் ஒன்றாக மெல்லும்போது தகரக் கூரையில் சாரல் விழுவதுபோலச் சத்தம் வரும். சுவரில் காதை வைத்துக் கேட்ட ஆபீசர், பட்டுப்புழு என்று சொன்னதும், பாராசூட்டுக்குப் பட்டு வேண்டுமென்று சர்க்கார் ஆலாய்ப் பறக்கிறதே, இதை முதலில் சொல்ல வேண்டாமா என்று எழுந்துவிட்டார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ரங்கம்மாவின் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இந்தப் பக்கம் ஒயரில்லாத விளக்கின் கீழே அவருடைய இலையில் பாயசம் ஆடை கட்டியது. சென்னப்பர் அதை ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளாமை நன்றாக வந்தது. தோட்டம் ரங்கம்மாவிடமே இருந்தது.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து ரங்கம்மாவின் வீட்டுக்கும் லைன் கொடுக்கச் சொல்லி ஆள் வந்தது. கனகசபை அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். நானே சூப்பர்வைசர், குடை மட்டும் இல்லை. திம்மராயன் திரும்பி வந்து சொந்தமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மரப்பட்டியே போதும், ஒயர் வெளியே தெரிந்தால் கௌரவம் ஒன்றும் குறையாது என்றாள் ரங்கம்மா. கட்டை பதிக்க நடுச்சுவரில் வரிசையாகக் குழி எடுக்க வேண்டும். புழு அறை காலியாகத்தான் இருந்தது, தட்டுகளைக் கழுவி வெயிலில் சாத்தியிருந்தார்கள். நல்லவேளை என்று உளியையும் சுத்தியலையும் எடுத்தேன்.

ரங்கம்மா உள்ளே போய் அந்த அரிவாளை எடுத்துவந்து நீட்டினாள்.

"புழுதான் இல்லையே அம்மா" என்றேன்.

"அந்தப் பக்கம் பெரியவரு படுத்திருக்காருங்க. வாதம். ராத்திரி பூரா முனகிட்டு விடியத்தான் கண்ண மூடறாரு. தட்டாதீங்க."

அவள் பக்கத்துச் சுவர் வெறும் மண் பூச்சு. அரிவாள் முனையால் மண்ணைச் சுரண்டி, செங்கல் சந்தில் குழி எடுத்து, கட்டையைச் சாந்து வைத்துக் கையாலேயே அமுக்கினேன். ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போனது. இந்த வீட்டுச் சுவர் என் தோளுக்கென்றே கட்டியது போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். திட்டினேனே தவிர, சுத்தியலைத் தொடவில்லை.

முடித்துவிட்டு, தெரிந்த மனிதராயிற்றே என்று சென்னப்பரைப் பார்க்கப் போனேன். கூடத்தில் நடுச்சுவரை ஒட்டிக் கட்டில். பாதி உடம்பு அசையவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மேலே விளக்கு அந்தப் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. ரெண்டு பேரும் இப்போதாவது பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. அவர்தான் என்னைக் கேட்டார்.

"கரகரன்னு அந்தச் சத்தம் நீதானா?"

"ஆமாங்க."

"சுத்தியல்ல தட்டியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே."

"அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க. நீங்க தூங்கறீங்கன்னு."

அசையும் கையைத் தூக்கிச் சுவரில் வைத்தார், நாங்கள் பைப் புதைத்து மூடிய கோட்டின்மேல்.

"என்னயும் புழுன்னு நெனச்சுட்டா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் வந்தது, கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது. துடைக்க அந்தக் கையைத்தான் எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை.